வீட்டு நீச்சல் குளத்தை உப்புநீர் முறைக்கு மாற்றுவது: போர் தண்ணீர் உள்ள இடத்தில் ஒத்துவருமா?

முட்டுக்காடு வீடு – மே 11

அனைவருக்கும் வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிற்கு அருகே உள்ள எங்கள் வீட்டில் 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரியாக 1.4 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு குளம் இருக்கிறது. கணக்கிட்டால் ஏறக்குறைய 45,000 லிட்டர் நீர் பிடிக்கும். மூன்று ஆண்டுகளாக மிதக்கும் குடுவையில் குளோரின் மாத்திரைகளைப் போட்டும், விடுமுறை நாட்களில் கேனில் வரும் திரவக் குளோரினை ஊற்றியும் பராமரித்து வருகிறோம். தண்ணீர் தெளிவாக இருந்தாலும் பிள்ளைகளின் கண்கள் சிவந்துவிடுகின்றன. போன மாதம் வந்த விற்பனையாளர் ஒருவர், உப்புநீர் முறைக்கு மாறினால் குளோரினே தேவையில்லை என்றும் பராமரிப்புச் செலவு பாதியாகக் குறையும் என்றும் உறுதியாகச் சொன்னார். கருவிக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கேட்கிறார். இதை ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தைத் தயவுசெய்து பகிருங்கள்.

பம்ப் அறை – மே 11

வணக்கம் ஐயா. கோவையில் பதினான்கு ஆண்டுகளாகக் குளப் பராமரிப்புத் தொழிலில் இருக்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். உப்புநீர்க் குளம் என்பது குளோரின் இல்லாத குளம் அன்று. கடையில் வாங்கும் குளோரினுக்குப் பதிலாக, உப்பு கரைந்த தண்ணீரை மின்னூட்டிய டைட்டானியத் தகடுகளுக்கு இடையே செலுத்தி, அங்கேயே குளோரினை உண்டாக்கிக்கொள்ளும் குளம் அது. அந்தக் குளோரின் கிருமிகளைக் கொன்றும் வெயிலில் சிதைந்தும் மீண்டும் குளோரைடாக மாறிவிடுவதால், ஒருமுறை போட்ட உப்பு தீர்ந்துபோவதில்லை. தண்ணீர் வெளியேறினால்தான் உப்பும் வெளியேறும். குளோரினே தேவையில்லை என்று சொன்னவருக்குத் தாம் விற்கும் பொருளைப் பற்றித் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்லவில்லை.

கண் சிவப்பதற்குப் பெரும்பாலும் குளோரின் மிகுதி காரணமாக இருப்பதில்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களும், தடம் மாறிய பி.எச். அளவுமே காரணம். எனவே கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு உங்கள் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். குளத்து நீர், போர் நீர் இரண்டையும் தனித்தனியே பரிசோதித்து, கடினத்தன்மை (அதாவது சுண்ணாம்பின் அளவு), மொத்தக் காரத்தன்மை, பி.எச்., குளோரைடு, சயனூரிக் அமிலம் ஆகிய ஐந்து எண்களையும் இங்கே பதியுங்கள். டி.டி.எஸ். மீட்டரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சுண்ணாம்பும் உப்பும் அதற்கு ஒன்றுதான்.

பிரிஸ்பேன்வாசி – மே 12

ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளங்களில் இந்த முறை மிகவும் பரவலானது. எங்கள் தெருவில் உப்பு இல்லாத குளத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக வைத்திருக்கிறேன், திருப்திதான். கடல் நீர் போல் கரிக்குமோ என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் அனைவரும் கேட்பார்கள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. நம் குளத்திற்கு வேண்டியது லிட்டருக்கு 3 கிராமுக்குச் சற்று மேல், அதாவது 3,200 பி.பி.எம். அளவு. கண்ணீரில் இருப்பது இதைவிட இரண்டு மடங்கிற்கு மேல் என்பதால் தண்ணீர் கண்ணுக்கு இதமாகவே இருக்கும். இங்கே குளிர்காலத்தில் நீர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கருவியின் உற்பத்தி குறைந்துவிடும். சென்னையில் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

முட்டுக்காடு வீடு – மே 19

பரிசோதனை முடிவுகள் வந்துவிட்டன. குளத்து நீரில் கடினத்தன்மை 900, காரத்தன்மை 160, பி.எச். 8.0, குளோரைடை உப்பாகக் கணக்கிட்டால் 1,100, சயனூரிக் அமிலம் 140. போர் நீரின் கடினத்தன்மை 620. உப்பே போடாத குளத்தில் 1,100 எப்படி வந்தது என்பது எனக்குப் புரியவில்லை. போர் நீரில் கடல் நீர் கலந்திருக்கிறதா?

பம்ப் அறை – மே 19

கடலோரத்தில் அதுவும் சிறிதளவு இருக்கலாம். ஆனால் நீங்கள் ஊற்றிய ஒவ்வொரு கேன் திரவக் குளோரினும் இறுதியில் உப்பாகத்தான் முடிகிறது; மாத்திரையிலிருந்து வரும் குளோரினும் குளோரைடாகத்தான் தங்குகிறது. உங்களை அறியாமலேயே மூன்று ஆண்டுகளாக அரைகுறை உப்புநீர்க் குளம் ஒன்றைத்தான் நடத்தி வந்திருக்கிறீர்கள்.

உங்கள் எண்களில் என்னை நிறுத்திய இடங்கள் இரண்டு. முதலாவது, சயனூரிக் அமிலம். இது குளோரினை வெயிலிலிருந்து காக்கும் குடை. இது அறவே இல்லாத திறந்தவெளிக் குளத்தில் நடுப்பகல் வெயில் ஒரு மணி நேரத்திற்குள் பாதிக் குளோரினைத் தின்றுவிடும். ஆனால் குடை தேவைக்கு மேல் பெரிதானால் குளோரின் அதற்குள்ளேயே முடங்கி, கிருமியைக் கொல்லும் வேகத்தை இழக்கிறது. மாத்திரை வழியாக 10 பி.பி.எம். குளோரின் சேரும்போது கூடவே 6 பி.பி.எம். சயனூரிக் அமிலமும் சேர்கிறது. அது தானாகக் குறைவதில்லை. உப்புநீர்க் குளத்திற்கு 60 முதல் 80 வரை போதும். 140-ஐ 70 ஆக்க நடைமுறையில் ஒரே வழி, பாதித் தண்ணீரை வெளியேற்றுவதுதான்.

இரண்டாவது, சுண்ணாம்பு. எனக்கு உண்மையான கவலை இதுதான். கருவியில் அந்த டைட்டானியத் தகடுகள் உள்ள பகுதியைச் செல் என்போம். அதன் எதிர்மின் தகட்டை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் பி.எச். மிக உயரும். கடினத்தன்மை மிகுந்த நீரில் உள்ள கால்சியம் அந்த இடத்தில்தான் முதலில் கார்பனேட்டாகப் படியும். குளத்தின் சுவரில் ஒரு வெள்ளைக் கோடுகூட விழாத நிலையிலும் செல்லுக்குள் தகடுகளின் இடைவெளி சுண்ணாம்பால் அடைந்திருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். புதிய கருவிகள் சில மணி நேரத்திற்கு ஒருமுறை மின்முனைகளை மாற்றிப் படிவை உதிர்க்க முயலும் என்பது உண்மைதான். ஆனால் முனை அடிக்கடி மாறினால் தகட்டின் மேல் உள்ள ருத்தேனியப் பூச்சு விரைவில் தேயும்.

உங்கள் குளத்திலிருந்து கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்திற்கு ஏறக்குறைய 5,800 லிட்டர். ஆவியாவது வெறும் நீர். சுண்ணாம்பு குளத்திலேயே தங்கிவிடும். அந்த இழப்பை 620 கடினத்தன்மை உள்ள போர் நீரால் ஈடுகட்டினால் மாதந்தோறும் மூன்றரைக் கிலோ சுண்ணாம்பைக் குளத்தில் கொட்டுகிறீர்கள் என்று பொருள். உப்புநீர் முறை தோல்வியுற்றதாக இங்கே சொல்லப்படும் வீடுகளில் பெரும்பாலும் தோற்றது உப்பு அன்று, நிரப்பிய தண்ணீர். எனவே போர் குழாயை அப்படியே குளத்திற்கு இணைத்து வைத்திருப்பீர்களானால் இந்த ஒரு லட்சத்து இருபதாயிரத்தைச் செலவழிக்காதீர்கள்.

முட்டுக்காடு வீடு – மே 20

விரிவான விளக்கத்திற்கு மிக்க நன்றி. அப்படியானால் குளத்தை முழுவதுமாகக் காலி செய்து, நல்ல தண்ணீரால் நிரப்பித் தொடங்கிவிடலாமா?

பம்ப் அறை – மே 20

வேண்டவே வேண்டாம். கடலோர மணற்பாங்கான நிலத்தில் நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும். குளத்தில் நீரின் எடை இல்லாதபோது, அடியிலிருந்து வரும் அழுத்தம் குளத்தின் கான்கிரீட் கூட்டையே படகைப் போல் மேலே தூக்கிவிடும், அல்லது தரையை வெடிக்கச் செய்யும். நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் இந்த மே, ஜூன் மாதங்களில் பாதியை மட்டும் வெளியேற்றுங்கள். மழைக்காலத்தில் அதுவும் கூடாது.

உப்பளத்துக்காரன் – மே 21

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பத் தொழில் உப்பு என்பதால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பாத்தியிலிருந்து வாரிய உப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டை மூட்டையாக ஏற்றிச் சென்று குளத்தில் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். அதில் ஜிப்சமும் மெக்னீசிய உப்புகளும் களிமண்ணும் இருக்கும். மீன் பதப்படுத்துவதற்குப் பொருந்தலாம், உங்கள் செல்லுக்குப் பொருந்தாது. கடையில் கிடைக்கும் சமையல் உப்பில் அயோடினும் கட்டி பிடிக்காமல் இருப்பதற்கான பொருளும் சேர்ந்திருக்கும். அவையும் உங்களுக்குத் தேவையற்றவை. அயோடின் சேர்க்காத, சுத்திகரித்த, 99.5 சதவீதத் தூய்மை கொண்ட தொழிற்சாலை உப்பு என்று கேளுங்கள். நீர் மென்மையாக்கும் கருவிகளுக்கு விற்கும் உப்பும் இதே தரம்தான். மழைக்கு முன் வாங்குவது நல்லது. ஈரம் ஏறிய மூட்டையில் எடையும் ஏறியிருக்கும்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் – மே 22

ஒரு பொதுவான தவறான கருத்தைத் திருத்த விரும்புகிறேன். மின்பகுப்பின்போது சோடியம் ஹைட்ராக்சைடு உண்டாவதால்தான் உப்புநீர்க் குளத்தில் பி.எச். ஏறுகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. குளோரின் தன் வேலையை முடித்துக் குளோரைடாகத் திரும்பும்போது சமமான அமிலத்தன்மையும் உண்டாகிவிடுவதால் இரண்டும் ஈடாகிவிடுகின்றன. பி.எச். ஏறுவதற்கு முதன்மையான காரணம், செல்லிலிருந்து எழும் நுண்ணிய ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரைக் கலக்கி, அதில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை வெளியேற்றுவதே. சோடாப் புட்டியைக் குலுக்கினால் என்ன நடக்கிறதோ அதுதான் இங்கும் நடக்கிறது. காரத்தன்மை உயர்ந்திருந்தால் வெளியேறுவதற்கான கரியமில வாயுவும் மிகுந்திருக்கும். ஆகவே தங்கள் 160-ஐ ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து 70 வரை இறக்கினால், அதன் பின் அமிலத்தின் தேவையும் கணிசமாகக் குறையும். செல்லில் சுண்ணாம்பு படியும் போக்கும் அதனாலேயே குறையும். நீரில் சுண்ணாம்பு படியுமா, கரையுமா என்பதை முன்கூட்டியே கணிக்கும் குறியீட்டை லாங்லியர் என்பவர் 1936-இலேயே வகுத்துவிட்டார். கடினத்தன்மை, காரத்தன்மை, பி.எச்., வெப்பநிலை எல்லாம் அதில் அடங்கும். கடினத்தன்மையைக் குறைக்க முடியாதவர்கள் காரத்தன்மை, பி.எச். இரண்டையும் குறைத்துச் சமன்செய்யலாம்.

முட்டுக்காடு வீடு – மே 24

நேற்று இரவு மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உற்சாகம் சற்றுக் குறைந்துவிட்டது. நாளொன்றுக்கு 3 பி.பி.எம். குளோரின் செலவாகிறது என்று வைத்தால் 45,000 லிட்டருக்கு 135 கிராம். திரவக் குளோரினில் அது ஒன்றேகால் லிட்டர். நான் வாங்கும் விலை லிட்டர் 20 ரூபாய் என்பதால் ஆண்டுக்குச் சுமார் 9,000 ரூபாய். செல்லை மட்டும் மாற்ற 55,000 ரூபாய் ஆகும் என்கிறார் விற்பனையாளர். மின்சாரம் தனி. இதில் செலவு பாதியாகும் என்பது எங்கே வருகிறது?

பம்ப் அறை – மே 24

எங்கும் வருவதில்லை ஐயா. பணம் மிச்சமாகும் என்று மாறுகிறவர்களிடம் மாறாதீர்கள் என்றே சொல்வேன். கிடைப்பது வேறு. கேன் தூக்க வேண்டாம். வெயிலில் கிடந்து வலுவிழந்த குளோரினை நல்லது என்று நம்பி ஊற்ற வேண்டாம். நான்கு நாள் வெளியூர் போனால் திரும்பி வரும்போது குளம் பச்சையாகி நிற்காது. அது உங்களுக்கு எவ்வளவு பெறுமானம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

செல்லின் ஆயுளைக் குறித்து ஒன்று. அவர் எத்தனை கிராம் திறனுள்ள கருவியைத் தருகிறார்? ஒரு நல்ல செல் ஏறக்குறைய 10,000 மணி நேரம் உழைக்கும். உங்களுக்கு வேண்டிய 135 கிராமை 8 மணி நேரப் பம்ப் ஓட்டத்தில் எடுக்க மணிக்கு 17 கிராம் தேவை. மிகச் சரியாக அந்த அளவிலேயே வாங்கினால் தினமும் எட்டு மணி நேரமும் முழுமூச்சில் ஓடி, மூன்றரை ஆண்டுகளுக்குள் தீர்ந்துவிடும். ஒரு விருந்து வைத்தால் குளோரின் போதாது. மணிக்கு 30 கிராம் கருவியை வாங்கி 60 சதவீதத்திற்குக் கீழே வைத்து ஓட்டினால் செல்லில் மின்சாரம் பாயும் நேரம் குறைந்து, அதே செல் ஆறு ஆண்டுகளை நெருங்கும்.

முட்டுக்காடு வீடு – மே 24

15 கிராம் கருவியைத்தான் சொல்லியிருந்தார். வேறொருவரிடம் 30 கிராம் கருவிக்கு விலை கேட்டிருக்கிறேன்.

தோட்டக்காரி – மே 26

ஒருவரும் கேட்காததை நான் கேட்கிறேன். மணல் வடிகட்டியைப் பேக்வாஷ் செய்யும், அதாவது எதிர்த்திசையில் நீரைச் செலுத்திக் கழுவும் தண்ணீரை எங்கே விடப்போகிறீர்கள்? ஒருமுறைக்கு 700 லிட்டர் என்றால் அதில் இரண்டு கிலோவுக்கு மேல் உப்பு. இரு வாரத்திற்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு ஐம்பது கிலோவைத் தாண்டும். தென்னை குளோரைடை விரும்பும் மரம் என்பதால் ஓரளவு தாங்கும். மாவும் வாழையும் தாங்கா, இலை விளிம்பு கருகத் தொடங்கும். அதைவிட முக்கியமானது, உங்கள் பகுதியில் பல வீடுகளில் இந்தக் கழிவுநீர்க் குழாயை மழைநீர் சேகரிப்புக் குழியில் சேர்த்துவிடுகிறார்கள். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது நிலத்தடி நீரைக் காப்பாற்றுவதற்காக. அதிலேயே உப்பை இறக்கினால் உங்கள் கிணறு மட்டுமன்று, பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். சாக்கடை இணைப்பு இல்லையென்றால் இந்த மாற்றத்தை நீங்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

முட்டுக்காடு வீடு – மே 26

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் வீட்டில் அது சேகரிப்புக் குழியில்தான் விழுகிறது. நாளையே பிளம்பரை அழைத்துக் குழாயைச் சாக்கடை இணைப்புக்கு மாற்றுகிறேன். நீங்கள் அந்தக் குழியைப் பற்றிச் சொன்னதும் எனக்கு இன்னொன்று தோன்றியது. எங்கள் மொட்டை மாடி 1,200 சதுர அடி. 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 11,000 லிட்டர் கிடைக்கும். மழைநீரில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. முதல் மழையில் மாடி கழுவப்பட்ட பிறகு வரும் நீரைத் தொட்டியில் பிடித்துக் குளத்திற்கு விட்டால் பம்ப் அறை ஐயா சொன்ன சுண்ணாம்புச் சிக்கல் தீருமல்லவா?

பம்ப் அறை – மே 26

இந்த இழையிலேயே மிகச் சிறந்த யோசனை அதுதான். ஐப்பசி வரை லாரித் தண்ணீரைப் பரிசோதித்து வாங்குங்கள்.

பிரிஸ்பேன்வாசி – மே 28

குளத்தின் விளிம்பில் என்ன கல் பதித்திருக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் மணற்கல். உப்பு நீர் தெறித்து, கல்லின் நுண்துளைகளில் இறங்கிக் காயும்போது உப்பு படிகமாகி விரிந்து, மேற்பரப்பை அப்பளம் போல் உதிர்த்துவிட்டது. ஐந்தாம் ஆண்டில் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது.

முட்டுக்காடு வீடு – மே 28

மூன்று பக்கம் கிரானைட், படிக்கட்டுப் பக்கம் மட்டும் கோட்டா கல்.

பிரிஸ்பேன்வாசி – மே 28

கிரானைட்டுக்குக் கவலையில்லை. கோட்டா, கடப்பா இரண்டுமே சுண்ணாம்புக் கல் வகை. குளித்து முடித்ததும் நல்ல தண்ணீரால் கழுவிவிடும் பழக்கம் வேண்டும், காப்புப் பூச்சும் அடித்துவிடுங்கள். ஏணி 304 வகை எஃகாக இருந்தால் கடற்காற்றும் உப்பு நீரும் சேர்ந்து துருப்புள்ளிகளை உண்டாக்கும். 316 வகைக்கு மாற்றுங்கள். ஏணி, கைப்பிடி, பம்ப் உடல் ஆகிய அனைத்தையும் ஒரே எர்த்தில் இணைத்திருக்கிறார்களா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

பம்ப் அறை – மே 29

அத்துடன் ஒன்று. செல்லுக்கான மின்சாரம் பம்ப்போடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். நீரோட்டத்தை உணரும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதைப் பம்ப்பை நிறுத்திச் சோதித்துப் பாருங்கள். நீர் ஓடாதபோது செல் மட்டும் இயங்கினால் உள்ளே ஹைட்ரஜன் சேரும்; அது வெடிக்கக்கூடிய வாயு. மின்வெட்டுக்குப் பிறகு ஜெனரேட்டரில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்ற குழப்பம் நம் ஊரில் அடிக்கடி நேர்வதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முட்டுக்காடு வீடு – ஜூலை 6

ஒரு மாதமாக எழுத இயலவில்லை, மாற்றம் முடிந்தது. ஜூன் முதல் வாரத்தில் பாதி நீரை வெளியேற்றி, 180 கடினத்தன்மை கொண்ட லாரித் தண்ணீரால் நிரப்பினோம். சயனூரிக் அமிலம் 70, கடினத்தன்மை 540, உப்பு 650 என்று வந்தது. 3,200-ஐ எட்ட 115 கிலோ வேண்டும். 25 கிலோ மூட்டைகள் நான்கை முதலில் போட்டு, ஒரு நாள் பம்ப்பை ஓட்டிவிட்டு அளந்து, மீதிப் 15 கிலோவைச் சேர்த்தோம். உப்பு முழுவதும் கரையும் வரை கருவியை இயக்கவில்லை. இதில் ஒரு பிழை செய்தேன்: இரண்டாவது மூட்டையை ஒரே இடத்தில் கொட்டிவிட்டு மதிய உணவுக்குப் போய்விட்டேன். ஆழப்பகுதியில் அது குவியலாகக் கிடந்தது. மாலை வரை தூரிகையால் தள்ளித் தள்ளித்தான் கரைக்க முடிந்தது. 30 கிராம் கருவி இப்போது 55 சதவீதத்தில் ஓடுகிறது. அமிலம் வாரம் ஒருமுறை தேவைப்படுகிறது. பி.எச். 7.4-க்கும் 7.6-க்கும் இடையில் நிற்கிறது. பிள்ளைகள் கண்ணைக் கசக்குவதில்லை. அது உப்பினாலா, பி.எச். சரியானதாலா என்று ஆசிரியர் ஐயா கேட்பார். பின்னதுதான் என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் – ஜூலை 6

கேட்கத்தான் இருந்தேன். முழு மதிப்பெண்.

முட்டுக்காடு வீடு – டிசம்பர் 14

மழைக்கால அறிக்கை. அக்டோபரில் தொட்டி நிறையத் தொடங்கியதும் குளத்திலிருந்து 30 சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் நீரை இறக்கி, மாடி நீரால் நிரப்பினோம். கடினத்தன்மை 610-லிருந்து 480-க்கு வந்தது. உப்பும் 2,520-க்கு இறங்கியதால் கருவி எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. 30 கிலோ உப்பு சேர்த்த பின் மீண்டும் ஓடத் தொடங்கியது. பெருமழையில் வழிந்தோடியது பெரும்பாலும் மேலே மிதந்த மழைநீரே என்பதால் அதன் பிறகு உப்பு பெரிதாகக் குறையவில்லை. நேற்று முதன்முறையாகச் செல்லைக் கழற்றிப் பார்த்தேன். தகடுகளின் விளிம்பில் மட்டும் மெல்லிய வெள்ளைச் செதில்கள். இதை அமிலத்தில் கழுவ வேண்டுமா?

பம்ப் அறை – டிசம்பர் 14

வேண்டாம். ஒவ்வோர் அமிலக் குளியலும் பூச்சில் சிறிதளவைக் கொண்டுபோகும். தோட்டக் குழாயின் நீரழுத்தத்திலேயே அந்தச் செதில்கள் உதிர்ந்துவிடும். கத்தி, திருப்புளி எதையும் உள்ளே விடாதீர்கள். கெட்டியாகப் படிந்தால் மட்டும், நான்கு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அமிலத்தை ஊற்றி, பத்து நிமிடம் போதும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. இன்று திறந்த தேதியைப் பம்ப் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். ஆவியாதல் ஏறத் தொடங்கும் மார்ச் மாதத்தில் அடுத்ததாகத் திறந்து பார்த்து, அப்போதைய கடினத்தன்மையோடு ஒரு படத்தையும் இங்கே போடுங்கள்.